ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

புற்றுநோய் சிகிச்சை முடிந்து, என் தையல் கடையை மறுபடி திறந்துவிட்டேன். பிளவுஸ் துணியோடு வருகிற எல்லாரும் முதலில் என் தலையைத்தான் பார்க்கிறீர்கள். முடி முளைத்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டையாக. பார்த்தாயிற்றா? சரி, இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவுக்கு. தீட்டு நின்று 6 வருஷம் கழித்து எனக்குத் துளித்துளியாய்ப் பட ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தையும் மோரையும் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிளினிக்கில் காட்டியபோது, ஸ்கேன்கூட எடுக்காமல் ரத்தத்தை நிறுத்த மாத்திரை எழுதினார்கள். அதிலேயே 7 மாதம் ஓடிப்போயிற்று. "நின்னது நின்னதுதாண்டி. திரும்ப வந்தா அது சும்மா வரல, பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று பூவைக் கட்டிக்கொண்டே திட்டியவர் அந்த அக்காதான். கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுமாம். பைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் அநேகம் பேருக்கு ஆபரேஷனோடு சரியாகிவிடும். எனக்கு இடுப்புப் பகுதி நெறிகட்டிகள் வரை போய்விட்டது. மூன்றாம் நிலை.

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகும் காலை பஸ்ஸில் முன் சீட்டை எனக்காகப் பிடித்து வைத்த கண்டக்டர் தம்பிக்கும், ரத்தம் கொடுத்த இரண்டு கல்லூரிப் பையன்களுக்கும், காப்பீட்டு அட்டைக்காக நாங்கள் அலைந்தபோது ஒரே நாளில் வேலையை முடித்துக்கொடுத்த ஊழியருக்கும் நன்றி. சர்க்கரை இறங்கினால்தான் கத்தியை எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்ற சர்ஜன் அம்மாவுக்கும்தான். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், "கண்ணுக்குத் தெரிஞ்ச எதையும் உள்ள விடல" என்றார். முற்றிய நிலையில் அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பெறுமானம் என்பது அப்புறம்தான் புரிந்தது. மிச்சம் வைத்துத் தைத்தால் பின்னால் எல்லாமே கஷ்டமாகிவிடுமாம்.

நான் முகமே பார்க்காத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். லேபில் உட்கார்ந்து என் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் அவர். கட்டி கர்ப்பப்பைத் தசையில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, ரத்தக் குழாய்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது, இத்தனை நெறிகட்டியில் இத்தனையில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். அதோடு நிற்காமல், தனியாகச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனைகளையும் அவராகவே சேர்த்திருந்தார். ஒரே நிலையில் இருக்கிற இரண்டு பெண்களுக்கு ஒரே ஆயுள் இல்லை என்று அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் எங்களுக்கு விளக்கினார்கள். செரஸ் என்ற வகை பொல்லாதது. எனக்கு அது இல்லை. 2013-லிருந்து மரபணுவை வைத்து இந்த நோயை நான்காகப் பிரிக்கிறார்கள். பி53 என்று புற்றுநோய் வராமல் காவல் காக்கும் மரபணு ஒன்று; அது கெட்டுப்போன வகைதான் அதில் மோசம். எனக்கு பி53 ஒழுங்காக இருந்தது, மரபணுவில் விழும் பிழைகளைப் பழுதுபார்க்கும் புரதங்களில் இரண்டுதான் காணோம். அந்த வகை திரும்பி வந்தாலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயோடு சண்டை போட வைக்கும் இம்யூனோதெரபி மருந்துக்கு நன்றாகக் கேட்கும் என்று 2023-ல் வந்த ஆய்வுகள் சொல்கின்றனவாம். புரதம் காணாமல் போனது பரம்பரையாகவா என்று இன்னொரு சோதனையும் செய்தார்கள். இல்லை என்று வந்த தாளை என் மகள் நின்றபடியே மூன்று தரம் படித்தாள்.

21 நாளுக்கு ஒன்றாக 6 கீமோ. மூன்றாவதோடு போதும் என்று வீம்பு பிடித்தேன். வார்டில் இருந்த சின்ன டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நெதர்லாந்துக்காரர்கள் முன்னின்று நடத்திய ஒரு ஆய்வில், மூன்றாம் நிலையில் ரேடியேஷன் மட்டும் வைத்தவர்களில் 5 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 68.5 சதவீதம், கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 78.5 சதவீதம் என்றார். "நூத்துக்குப் பத்துப் பேரும்மா. உங்க வகைக்கு எவ்வளவுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது." அடித்துச் சொல்லாததால்தான் நம்பினேன். மிச்சம் மூன்றையும் போட்டுக்கொண்டேன்.

ரேடியேஷனுக்கு 25 நாள். மதுரையில் என் நாத்தனார் வீட்டில் தங்கினேன். ஒரு நகை விஷயமாக நாங்கள் 4 வருஷம் பேசாமல் இருந்தவர்கள். இப்போதும் அந்த நகையைப் பற்றிப் பேசவில்லை. வயிறு கலங்கிய ராத்திரிகளில் அவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

கீமோ மருந்தில் ஒன்று விரல்நுனியை மரத்துப்போகச் செய்துவிட்டது. தையல்காரிக்கு வேறு எங்கே வந்திருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பாப்பா தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து, குஷனில் குத்தி வைத்துவிட்டுப் போகிறாள். நான் கேட்டதில்லை. ஊக்கு தைக்க அதுவே ஒரு நாளைக்குக் காணும்.

தீபாவளித் துணிகளைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கை மெதுவாகத்தான் ஓடுகிறது.