பஸ் போன பிறகுதான் உலை

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ எழுதுகிற கதைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாய். "அஞ்சாவது தடவையும் அத்தைதாம்ப்பா வர்றா, எனக்கே வெக்கமா இருக்கு" என்றாய். கூட வேலை பார்ப்பவர்கள் யாரோ ஒரு டாக்டரைப் பார் என்று கேலி செய்தார்களாமே. எனக்குப் போனில் பதில் சொல்ல வராது. மெய்ப்புப் பார்த்தே பழகினவன், எழுதி, அடித்து, ஓரத்தில் திருத்தினால்தான் யோசனையே ஓடும்.

முதலில் அம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எழுத உட்காராதே. போன தடவை வந்தபோது அந்தப் பாத்திரத்தின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு வந்து இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அச்சகத்தில் இருந்தபோது ஒரு எழுத்தாளருடைய நாவல்கள் வரிசையாக என் மேஜைக்கு வந்தன. பெயர் வேண்டாம். ஏழு நாவல், ஏழிலும் யாராவது ஒருத்தர் பஸ்ஸைத் தவற விடுவார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர், சாவு வீட்டுக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிற பையன், எல்லோருக்கும் பஸ் போய்விடும். ஏழாவதில் எனக்குக் கொழுப்பு ஏறி, ஓரத்தில் பென்சிலால் 'இவருக்காவது பஸ் கிடைக்கட்டுமே' என்று எழுதிவிட்டேன். அழிக்க மறந்து புரூஃப் அவர் கைக்கே போய்விட்டது. மனிதர் நேரே வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "அப்படியா தம்பி? எனக்கே தெரியலையே" என்றார், அவ்வளவுதான். எட்டாவது நாவலில் எல்லோருக்கும் பஸ் கிடைத்தது. ஐம்பதாவது பக்கம் தாண்டுவதற்குள் எனக்குக் கண் சொருகிவிட்டது. பிழைகளைக் கோட்டைவிட்டு முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்த நாவலைக் கெடுத்தது என் பென்சில்தான் என்று இன்றைக்கும் ஒரு உறுத்தல் உண்டு.

அதனால்தான் உன்னிடம் 'அத்தையை விட்டுவிடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1845-ல் ஜெனோவாவில் ஒரு ஓவியத்தைப் பார்க்கிறார், பாலைவனத்தில் புனித அந்தோணியைப் பிசாசுகள் ஆசைகாட்டிச் சோதிக்கிற படம். அது அவரைப் பிடித்துக்கொண்டது. எழுதி முடித்து 1849-ல் இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று நான்கு நாள் படித்துக் காட்டினார். அவர்கள் சொன்ன தீர்ப்பு: தூக்கி நெருப்பில் போடு. பாவம், ஃப்ளோபேருடைய அம்மா வேறு இடையிடையே வந்து 'எப்படி இருக்கிறது?' என்று அவர்களிடம் விசாரித்தாராம். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உன் அம்மா முகம்தான் தெரியும். அப்புறம்தான் அவர் நாட்டுப்புறத்து டாக்டர் மனைவி ஒருத்தியின் கதையை எடுத்து, ஐந்து வருஷம் போல அதோடு மல்லுக்கட்டி, 'மதாம் பொவாரி'யைக் கொண்டுவந்தார். ஆனால் அந்தோணி அவரை விடவில்லை. 1856-ல் மறுபடி எழுதினார். மூன்றாவது தடவை எழுதியதுதான் 1874-ல் புத்தகமாக வந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம். 'வாக்கியத்தின் மேல் உனக்கிருக்கும் வெறி உன் மனசையே காயவைத்துவிட்டது' என்று அவருடைய அம்மா ஒரு தடவை சொன்னதாகச் சொல்வார்கள். பெற்றவளுக்குத்தான் அது தெரியும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஊர்க்காரர் பித்து என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். புதுமைப்பித்தனுடைய ஒரு தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தபோது 'அகல்யை'யையும் 'சாப விமோசன'த்தையும் ஒரே வாரத்தில் படிக்க நேர்ந்தது. முதலாவது 1934, அடுத்தது 1943. ஒன்பது வருஷம் அந்தப் பெண் அவருக்குள்ளேயே நடமாடியிருக்கிறாள். முதல் கதையில் கௌதமர் சபிக்கவே இல்லை. நடந்ததை அவர் புரிந்துகொள்வதோடு கதை முடிந்துவிடுகிறது. அப்பாடா, பெரிய மனுஷன் என்று நாமும் மூடிவைத்துவிடலாம். ஆனால் எழுதினவருக்கு அது தீரவில்லை.

இரண்டாவது கதை சாபம் நீங்கிய இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கல் பெண்ணாகிவிட்டது, புருஷனும் கூடவே இருக்கிறார், இனி என்ன குறை? அவளால் வாழ முடியவில்லை. யார் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாலும் அதற்குள் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அவளுக்குப் பதறுகிறது. வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீயில் இறங்கிய கதையைச் சொல்கிறாள். அவன் கேட்டானா, நீ ஏன் செய்தாய் என்று துடித்துப் போகிறாள் அகலிகை. கடைசியில் மறுபடி கல்லாகிவிடுகிறாள். அந்த வரிக்கு வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். 1934-ல் ஆண் மன்னித்தால் போதும் என்று இருந்தது. 1943-ல் அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. ஒரே பெண்தான், கேள்வி மட்டும் மாறிவிட்டது.

அவர் சினிமா வேலையாக நீ இருக்கும் அதே புனேவுக்குப் போய், காசநோயோடு திரும்பி, 1948-ல் திருவனந்தபுரத்தில் போய்ச் சேர்ந்தார். 42 வயது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இப்போது உன் அத்தைக்கு வருகிறேன். நீ அனுப்பிய ஐந்து பிரதியையும் வரிசையாக அடுக்கிவைத்துப் படித்தேன். பெயர் மாறுகிறது, ஊர் மாறுகிறது, ஒன்றில் அவள் டீச்சராகக்கூட இருக்கிறாள். ஆனால் ஐந்திலும் அவள் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஏழே முக்கால் பஸ்ஸுக்காக நிற்கிறாள், போன புருஷன் வருவான் என்று. ஐந்திலும் உள்ளே சோறு ஆறிக் கிடக்கிறது. அவளிடம் திரும்பத் திரும்பப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகும்போதே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போகிறாயே, அதுதான்.

அவள் உனக்கு அத்தை, எனக்கு அக்கா. மாமா வீட்டை விட்டுப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. துணைக்கு என்னைத்தான் அங்கே விட்டிருந்தார்கள். ஒரு நாள் அந்த பஸ்ஸிலிருந்து வெள்ளை முழுக்கைச் சட்டையும் டிரங்குப் பெட்டியுமாக ஒரு ஆள் இறங்கினார். இருட்டில் நடை அசல் மாமா நடை. அக்கா தூணைப் பிடித்திருந்த கையை நான் பார்த்தேன், நகம் வெளுத்துவிட்டது. அந்த ஆள் கிட்டே வந்து, விதை வியாபாரி வீடு எது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏல, பசிக்கா? உலை வைக்கட்டா?" என்றாள். அன்றைக்கு அவள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. எனக்குத் தோன்றுவதை உனக்குச் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். அந்த வீட்டில் சோறு ஆறிக் கிடந்ததே இல்லை பாப்பா. தினமும் பஸ் போன பிறகுதான் அவள் அடுப்பையே பற்றவைப்பாள்.

மிளகாய்ப்பொடி, எள்ளுப்பொடி இரண்டும் புதன்கிழமை பார்சலில் வரும். எள்ளுப்பொடி டப்பாவைச் சாய்க்காமல் திற, மூடி சரியில்லை.

அப்பா