சாப்பாட்டு லைனில் வலி ஊசி வேண்டாம்: எல்லையோர அரசு மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

திருவனந்தபுரத்தில் புற்றுநோய் சிகிச்சை முடித்து, ஆரியங்காவு வழியாகவோ களியக்காவிளை வழியாகவோ ஊர் திரும்பும் நம் நோயாளிகளில் சிலர் சென்ட்ரல் லைனோடு, அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக் குழாய்வரை செருகிய குழாயோடு, வருகிறார்கள். குடல் அடைத்திருக்கும், வாய்வழி ஒன்றும் இறங்காது. சர்க்கரை, புரதம், கொழுப்பு கலந்து நேராக ரத்தத்தில் ஏற்றும் டி.பி.என். என்ற சத்துத் திரவப் பைதான் சாப்பாடு. கூடவே தீராத வலி. இரண்டையும் ஒரே குழாயில் ஏற்றும் பழக்கத்தை நிறுத்த வழி செய்யுங்கள் என்று செங்கோட்டை, தென்காசி, மார்த்தாண்டம் பகுதிச் செவிலியர்கள் கேட்டுக்கொள்கிறோம்.

ராத்திரியில் வலியால் துடிப்பவருக்குக் கையில் நரம்பு கிடைக்காது. லைன் கண்ணெதிரே இருப்பதால் டிராமடால், டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசி அதிலேயே போய்விடுகிறது. பொருந்தாத மருந்து சேர்ந்தால் டி.பி.என்.னில் பால்போலக் கலந்திருக்கும் கொழுப்பு உடைந்து எண்ணெய் பிரியும். சில மருந்துகள் படிந்து ஃபில்டரை அடைக்கும். லைனைத் திறக்கும்போதெல்லாம் கிருமி நுழைய இடம் கொடுக்கிறோம். டி.பி.என். திரவத்தில் கேண்டிடா பூஞ்சை செழித்து வளரும். குளிர் காய்ச்சல் வந்தால் பல நேரம் லைனையே எடுக்க வேண்டிவரும், அத்தோடு சாப்பாடும் நின்றுபோகும். அதே லைனில் ரத்தம் எடுத்தால் சுகர் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே லைனுக்குள் இருக்கும் தனித்தனி வழிகளில் (லூமென்) ஒரு லூமென் டி.பி.என்.னுக்கு மட்டும் என்று லேபிள் ஒட்டுவதைக் கட்டாயமாக்குங்கள்.

வலிக்குத் தோலடி வழி இருக்கிறது. காலர் எலும்புக்குக் கீழே அல்லது மேல்கையில், வீக்கம் இல்லாத இடமாகப் பார்த்து 23 அல்லது 24 கேஜ் அளவுள்ள மெல்லிய பட்டர்ஃபிளை ஊசியை ஒருமுறை செருகி ஒட்டிவிட்டால் சில நாள் தாங்கும். சிவந்தாலோ கட்டினாலோ இடம் மாற்ற வேண்டும். கடும் வலிக்கான மருந்தான மார்ஃபினை வாய்வழி நாளுக்கு 60 மி.கி. எடுத்தவருக்குத் தோலடியில் 20 முதல் 30 மி.கி. போதும், அதை ஆறாகப் பிரித்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இடையில் வலி மீறினால் நாள் அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுக்கலாம். அரை மணி கழித்து வலி மதிப்பெண்ணை மறுபடி கேட்டுக் குறிக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கும், அவருக்கு ஃபெண்டனில் என்ற வேறொரு வலி மருந்து நல்லது. எழுப்பினாலும் எழாமல் மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போனால், மார்ஃபினுக்கு மாற்று மருந்தான நாலாக்சோனை 0.4 மி.கி. எடுத்து 10 மி.லி. சலைனில் கலந்து, மூச்சு சீராகும்வரை 2 நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் கொடுக்க வேண்டும். மொத்தமாகப் போட்டால் அடங்கியிருந்த வலி அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பிவிடும்.

இதெல்லாம் செவிலியர்களுக்குத் தெரியும். மார்ஃபின் அலமாரிச் சாவி ராத்திரி வார்டில் இல்லாததுதான் தடை. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்துக்குப் பழையபடி பல உரிமங்கள் வேண்டியதில்லை. அங்கீகாரம் வாங்குங்கள். மீறும் வலிக்கான அளவை டாக்டர் பகலிலேயே கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கட்டும். பதிவேட்டில் இரண்டு செவிலியர் கையெழுத்தோடு மருந்தை எடுக்க அனுமதியுங்கள்.

பையைப் பற்றியும் கொஞ்சம். சத்துகள் தனித்தனி அறைகளில் இருக்கும் மூன்று அறை டி.பி.என். பையை மேலிருந்து சுருட்டி அழுத்தி, இரண்டு தடுப்பும் முழுக்கத் திறந்ததைப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். ஒன்று திறக்காவிட்டாலும் ஓர் அறையின் சத்து உள்ளே போகாது. மேலே மஞ்சள் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்தப் பையைத் தொடாதீர்கள். பையிலிருந்து வரும் குழாய் செட்டும் 1.2 மைக்ரான் ஃபில்டரும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். இவை ஸ்டோரில் தீராமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. பின்தங்கிய அளவை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டக் கூடாது. அடுத்த பை வரத் தாமதமானால் அதே வேகத்தில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் திரவம்) ஓட வேண்டும், இல்லையென்றால் சுகர் சரியும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் பைக்கு முன்பே தயாமின் (வைட்டமின் பி1) போட்டு, ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் மூன்றையும் பார்க்க வேண்டும். பாஸ்பேட் சோதனையை உள்ளூர் ஆய்வகத்திலேயே செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

கேரளத்து மருத்துவமனைகளோடு பேசி, டிஸ்சார்ஜ் சம்மரியுடன் ஒரு தாளும் வரச் செய்யுங்கள். லைன் போட்ட தேதி, எந்த லூமென் எதற்கு, பை ஓடும் வேகம், கடைசி மார்ஃபின் அளவும் நேரமும் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
எல்லையோரச் செவிலியர்கள்