மவுஸ் இடப்புறமும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்ட அலுவலகங்களில் தேயிலைக் கொழுந்து நிறுவை, செக்ரோல் எனும் தொழிலாளர் வரவுப் பதிவேடு, சம்பளப் பட்டியல் என ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறிவரும் இக்காலத்தில், நாள் முழுவதும் இலக்கங்களைப் பதியும் எழுதுவினைஞர்களின் வலது மணிக்கட்டைப் பற்றி எவரும் பேசக் காணோம்.

இலக்க விசைகள் விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கின்றன. மவுஸ் அதற்கும் அப்பால் இருக்கிறது. ஒரு தொழிலாளி எடுத்த கொழுந்தின் கிலோக் கணக்கைத் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போக, அதே வலது கை மவுஸுக்கு ஓடித் திரும்ப வேண்டியிருக்கிறது. இடது கையோ மேசையில் சும்மா கிடக்கிறது. மவுஸை இடப்புறம் வைத்தால் அது எழுத்து விசைகளுக்குப் பக்கத்திலேயே அமைந்துவிடும், வலது கை இலக்கங்களையும் பேனாவையும் விட்டு நகர வேண்டியதில்லை, தோளும் வெளிப்புறமாக இழுபடாது. வலக்கைப் பழக்கமுள்ள நான் இப்படித்தான் வேலை செய்கிறேன். தொடக்கத்தில் திரையில் அம்புக்குறி தடுமாறத்தான் செய்யும். அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவசரமில்லாத வேலைகளில் பழகினால் கை படிந்துவிடும்.

விண்டோஸில் மவுஸின் இடது, வலது பொத்தான்களின் வேலையை இடம் மாற்றிக்கொள்ள வசதி உண்டு. ஆனால் ஒரே கணினியில் இருவர் மாறி மாறி வேலை செய்யும் இடத்தில் அவற்றை அப்படியே விட்டு, இடது பொத்தானை இடது கையின் நடுவிரலால் அழுத்தப் பழகுவதே நல்லது. இல்லாவிட்டால் அடுத்து வருபவர் திண்டாடுவார். ஏற்கெனவே விரல் மரத்துப்போகிறவர்கள் கையை மாற்றியதோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஓய்வில்லாமல் உழைத்தால் இடது கையும் வலிக்கும்.

1968 டிசம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை முதன்முறையாகப் பலரறியச் செயற்படுத்திக் காட்டிய டக்ளஸ் எங்கல்பார்ட், ஒரு கையில் மவுஸையும் மறு கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு கருவியையும் இயக்கினார். இரு கைகளுக்கும் வேலை தந்த அந்த ஏற்பாடு நம் மேசைகளுக்கு வந்து சேரவில்லை. இரு கைகளாலும் கொழுந்தெடுக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, பாடசாலைக் கணினி அறையில் மவுஸை வலது கையால் மட்டுமே பிடிக்கக் கற்பிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இதற்குப் பெரும் செலவில்லை. வலது உள்ளங்கைக்கென வளைத்துச் செய்யாத, இருபுறமும் ஒத்த சாதாரண மவுஸும், மேசையின் இடப்புறத்தை எட்டும் நீளமான வயரும், அங்கே ஒரு சாண் வெற்றிடமும் போதும். தோட்ட நிருவாகங்களும் பாடசாலை அதிபர்களும் இதற்கு இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தோட்ட அலுவலக எழுதுவினைஞர்,
தலவாக்கலை.