ஒகேனக்கல்லில் காலையில் ஒரு மெதுவான பரிசல் வேண்டும்

தர்மபுரி மாவட்ட நிர்வாகத்துக்கும் தமிழ்நாடு வனத்துறைக்கும்,

வணக்கம்.

ஒகேனக்கல் என்றால் அருவி, எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பரிசலும் அந்த வரிசையில் ஒன்று. ஏறி உட்கார்ந்து, அருவிக்குப் பக்கத்தில் போய், நாலு சுற்று சுற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஆற்றில், அதே பரிசலில் பார்க்கக் கிடைக்கிற இன்னொரு உலகத்தைக் காட்டாமலே அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறோமே என்று மனது கேட்கவில்லை.

2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 17ஆவது சரணாலயம் அது. அந்த அறிவிப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட உயிர்களில் நீர்நாய், முதலை, மெல்லிய ஓட்டு ஆமை ஆகிய மூன்றும் ஆற்றையே நம்பி வாழ்பவை. ஜீப்பில் காட்டைச் சுற்றினால் இவை கண்ணில் படுவது அபூர்வம். தண்ணீர் மேலிருந்து பார்ப்பதற்குப் பரிசலைவிடத் தோதானது எதுவும் இல்லை. இன்ஜின் கிடையாது, புகை கிடையாது. அடி தட்டையாக இருப்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் போகும். துடுப்பை நிறுத்திவிட்டால் சத்தமே இருக்காது.

ஒரு கோடைக் காலையில் எங்கள் பரிசல்காரர் அப்படித்தான் துடுப்பை நிறுத்தினார். பேசவில்லை, முகவாயால் எதிர்ப்பாறையைக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பாறையின் ஒரு பகுதி அசைந்தது. நீர்நாய்கள், ஒரு குடும்பமே இருந்தது. பெரியது ஒன்று மீனை முன்னங்கால்களால் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடித்துத் தின்றது. முள் நொறுங்குகிற சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. குட்டிகள் விசில் அடிப்பதுபோல் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. அவை போன பிறகு அந்தப் பாறையை ஒட்டிப் போனோம். அங்கே கிடந்த எச்சத்தில் மீன் செதில்கள் மினுங்கின. "தினமும் இங்கேதான் வந்து போகும், இது அதுங்க இடம்" என்றார் பரிசல்காரர். பாம்புத்தாரா எந்த மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கும், முதலை எந்த மணல்திட்டில் வெயில் காயும், நரை அணில் எந்த நீர்மருது மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்று எல்லாமே அவருக்கு அத்துப்படி. இந்த அறிவுக்கு நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. கொடுப்பதெல்லாம் துடுப்புப் போடுகிற கூலிதான்.

அந்தக் கூலியும் நிலையானதில்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. உயிர் விஷயம், தடை சரிதான். ஆனால் அத்தனை நாளும் அவர்கள் வீட்டில் வருமானம் இல்லை. அதனால் பரிசல் ஓடுகிற நாட்களில் முடிந்த அளவு நடை அடிக்கப் பார்க்கிறார்கள். அவசரமும் கூச்சலும் அங்கிருந்துதான் வருகின்றன. மெதுவாகப் போகிற ஒரு நடைக்கு நல்ல கட்டணம் வைத்துப் பாருங்கள், அவசரப்பட வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

இது நடக்காத காரியமும் இல்லை. காரமடை பக்கம் பரளிக்காட்டில் வனத்துறையே பழங்குடி மக்களோடு சேர்ந்து பில்லூர் அணை நீரில் பரிசல் விடுகிறது. முன்பதிவு உண்டு, கூட்டத்துக்கு வரம்பு உண்டு, மதியம் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு உண்டு. ஒகேனக்கல்லுக்கு அதை அப்படியே தூக்கிவர வேண்டாம். கூட்டம் வருவதற்கு முன், விடிந்ததும் ஒரு மணி நேரம் போதும். சில பரிசல்கள் மட்டும், சுற்றல் இல்லாமல், பாட்டு இல்லாமல் போகட்டும். சரணாலயத்தின் உள்பகுதிக்குப் போகவே வேண்டாம், இப்போது அனுமதி உள்ள தூரமே தாராளம். கட்டணத்தின் பெரும்பங்கு துடுப்புப் போடுகிறவர் கைக்குப் போகட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கோடையில் மணல்திட்டுகளில்தான் முதலை முட்டையிடும், ஆற்று ஆலா குஞ்சு பொரிக்கும். அந்த மாதங்களில் யாரையும் திட்டில் இறக்கக் கூடாது, செல்பிக்கும் கூடாது. எவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டும் என்பதைப் பரிசல்காரர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், குளிக்கிற துறையில் குவிகிற ஷாம்பு பாக்கெட்டுகளைத் தினமும் அள்ள ஆள் போடுங்கள். அவை மிதந்துபோய் நிற்கிற இடமும் இந்தத் திட்டுகள்தான்.

இதைப் பேச ஒரு கூட்டம் போடுவதாக இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் வேண்டாம். பரிசல் துறையிலேயே, காலையில் முதல் பரிசல் எடுப்பதற்கு முன் போடுங்கள். அந்த நேரத்தில் எல்லாரும் அங்கே இருப்பார்கள், யாருக்கும் ஒரு நாள் கூலி போகாது.

இப்படிக்கு,
காவிரியை நேசிக்கும் ஒருவர்