முதல் நிமிடம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் மாத நினைவு ஞாயிறு போரில் மாண்டவர்களுக்கு மட்டுமே உரியது என்றும், அன்று முன்னாள் படைவீரர்களுக்கு நன்றி சொல்வது மாண்டவர்களின் பங்கைப் பறிப்பதாகும் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய மனவேதனை எனக்குப் புரிகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி நினைவுத்தூணின் முன்னே நிற்கையில், அவள் காதுபடக் கைதட்டலும் வாழ்த்தும் நடப்பது முறையல்ல. ஆயினும், நாம் அன்று கடைப்பிடிக்கும் இரண்டு நிமிட மௌனம் எப்படிப் பிறந்தது என்பதை அவர் கருத்தில் கொள்ளவில்லை.

அது நம் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வழக்கம். 1918 மே மாதத்தில் கேப்டவுன் மேயர் ஹாரி ஹாண்ட்ஸ், சிக்னல் ஹில் குன்றில் நண்பகல் பீரங்கி முழங்கியதும் நகரம் முழுவதும் அசையாமல் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய மகன் பிரான்சில் நச்சுவாயுவுக்குப் பலியாகியிருந்தார். முதல் நாள் மூன்று நிமிடங்கள் நின்றார்கள்; மறுநாளே அதை இரண்டாகக் குறைத்தார்கள். அவற்றுள் முதல் நிமிடம் உயிரோடு திரும்பியவர்களுக்காக நன்றி செலுத்துவதற்கு, இரண்டாவது நிமிடம் திரும்பாதவர்களை நினைப்பதற்கு. பிறகு நம் நாட்டு எழுத்தாளரும் அரசியல்வாதியுமான சர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் இதை லண்டனுக்கு எடுத்துச் சொல்ல, 1919 நவம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அறிவிப்பால் அது பல நாடுகளுக்கும் பரவியது. மகனை இழந்த ஒருவர் தொடங்கிவைத்த மௌனத்திலேயே உயிரோடு வந்தவர்களுக்கும் இடம் இருந்தது. அந்த முதல் நிமிடத்தின் பொருளைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அமெரிக்காவில் மாண்டவர்களுக்கு மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, படையில் பணியாற்றிய அனைவருக்கும் நவம்பர் 11 என்று இரு நாள்களைத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். நம் நினைவு ஞாயிறுக்கு அந்த வசதி இல்லை.

இது நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன். ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில், 1899 டிசம்பரில் கொலென்சோவிலும் அடுத்த மாதம் ஸ்பியன் கோப் மலையடியிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். காந்தியடிகள் முன்னின்று திரட்டிய அந்தப் படையில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். சில நாள்களில் இருபது மைலுக்கு மேலும் தூக்குக்கட்டிலைச் சுமந்து நடந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரிலோ, வெள்ளையர் அல்லாதார் கையில் துப்பாக்கி கொடுக்க அரசு மறுத்ததால், நம்மவர்கள் லாரி ஓட்டுநர்களாகவும் சமையற்காரர்களாகவும் காயம்பட்டோரைச் சுமப்பவர்களாகவும் போனார்கள். திரும்பி வந்தவர்களின் பெயரை எந்தக் கல்லிலும் தேட முடியாது. மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டவர்கள் நம் முன்னோர்கள். மார்பில் காயம் ஏற்று வீடு வந்தவனுடைய புண்ணுக்கு விழுப்புண் என்று பெயரிட்டுப் போற்றியவர்களும் அவர்களே.

என் தாயாரின் தந்தை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி ஓட்டியவர். அவருடைய பதக்கம் ஆயாவின் பிஸ்கட் டின்னில், பொத்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் அடியில் கிடந்தது. நினைவு ஞாயிறன்று வானொலியில் பியூகிள் ஒலி கேட்டதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் எழுந்து நிற்பார். யாருக்காக நிற்கிறீர்கள் தாத்தா என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "எனக்கு முன்னாலே போன லாரியிலே இருந்தவனுக்காக" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் காலமான பிறகுதான் பதக்கத்தைத் துடைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். உயிரோடு இருந்தவரை வீட்டில் ஒருவர்கூட அவரிடம் நன்றி என்று சொன்னதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

2025 ஜனவரியில் காங்கோவில் நம் படைவீரர்கள் 14 பேர் உயிரிழந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. அவர்கள் அருகிலிருந்து உயிர்தப்பி வந்தவர்கள் இன்று நம் தெருக்களில்தான் நடமாடுகிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவம், வீடு, ஓய்வூதியம் முதலியவற்றுக்கு 2011ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்திருக்கிறது. விடுதலைப் போராட்டப் படைகளில் இருந்தவர்களும் அதில் அடங்குவர். அதற்கான படிவத்தை நிரப்பத் தெரியாமல் தவிக்கும் முதியவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உதவுவதும் நன்றிதான்.

வரும் நினைவு ஞாயிறு காலை, டர்பன் நகர மண்டபத்தின் எதிரேயுள்ள நினைவுத்தூணின் முன் மாண்டவர்களுக்காக நிற்பேன். அங்கே எவரையும் வாழ்த்தப் போவதில்லை. பிற்பகலில் எங்கள் தெருவிலுள்ள இரண்டு முன்னாள் படைவீரர்களின் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்வேன். நம் கோயில் நிர்வாகிகளும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் தத்தம் வட்டாரத்தில் இத்தகையோர் யார் யார் என்று இப்போதே விசாரித்து வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்