எங்கப்பா வாசிச்சது யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூணு மாசமா மனசுல கெடந்து அரிக்கிற ஒரு விஷயத்த எழுதுறேன், கடிதம் கொஞ்சம் நீளம்தான், எடம் பத்தலன்னா வெட்டிக்கோங்க, ஆனா போடாம விட்றாதீங்க.

எங்கப்பா நாதஸ்வரக்காரர். மாயவரம் பக்கத்துல ஒரு கிராமத்துக் கோயில்ல நாப்பது வருஷம் வாசிச்சவர். ரேடியோவுல வந்ததில்ல, கேசட் போட்டதில்ல. அவர் வாசிச்சதுல எங்ககிட்ட மிச்சம் இருக்குறது ஒரே ஒரு வீடியோ டேப், 1998 வைகாசித் திருவிழாவுல சாமி புறப்பாட்டுக்கு முன்னாடி மண்டபத்துல வாசிச்சத என் தாய்மாமா எடுத்தது. அப்ப எங்க ஊர்ல வீடியோ கேமரா வச்சிருந்தது அவர் ஒருத்தர்தான். அப்பா தவறி 11 வருஷம் ஆச்சு, டேப்ப எடுத்துப் பாத்தா பூஞ்சை புடிச்சிருந்துது, தஞ்சாவூர்ல ஒரு கடையில குடுத்து சுத்தம் பண்ணி கம்ப்யூட்டர் ஃபைலா மாத்தி வாங்குனோம்.

அந்த வீடியோவுல அப்பா கரகரப்பிரியா ராகத்த ஒரு 20 நிமிஷம் ஆலாபனை பண்றார். நடுவுல சீவாளி, அதான் வாயில வச்சு ஊதுற துண்டு, சரியா பேசல போலருக்கு, கழட்டிட்டு வாத்தியத்துல தொங்குற கொத்துலேர்ந்து இன்னொண்ண எடுத்து வாயில வச்சு நனைச்சு ஊதிப் பாத்து மாட்டுறார், அதுவரைக்கும் தவில்காரர் விரல்ல மாட்டியிருக்குற கூட்ட அழுத்தி விட்டுக்கிட்டே அப்பா மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கார். வெளியில அதிர்வேட்டு சத்தம், ஒரு கொழந்த அழுவுது. அப்புறம் தியாகராஜர் கீர்த்தனை ஒண்ணு, ஏழெட்டு நிமிஷம்.

சொந்தக்காரங்க எல்லாரும் பாக்கட்டும்னு அத ஒரு பெரிய வீடியோ தளத்துல போட்டேன். மறுநாள் காலையில மெயில் வருது. உங்க வீடியோவுல கீர்த்தனை வர்ற பகுதி வேற ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது, இனிமே இதுல விளம்பரம் வந்தா அந்தக் காசு அவங்களுக்குப் போவும்னு. எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அவங்க சொல்ற அந்த ரெக்கார்ட தேடிப் புடிச்சு கேட்டேன், அதுவும் நாதஸ்வரம்தான், அதே கீர்த்தனைதான், ஆனா வாசிக்கிறவர் வேற, சுருதி வேற, ஸ்டுடியோவுல எடுத்தது, அதுல வேட்டுச் சத்தமும் இல்ல கொழந்த அழுகையும் இல்ல. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா சங்கீதம் தெரியாதவங்களே வேற வேறன்னு சொல்லிடுவாங்க. பாட்டு ஒண்ணா இருக்கவே ரெக்கார்டும் ஒண்ணுன்னு மெஷின் முடிவு பண்ணிடுச்சு. கர்நாடக சங்கீதத்துல ஒரே கீர்த்தனைய ஆயிரம் பேர் வாசிப்பாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

மெஷின் தப்பு பண்றத நான் பெருசா குத்தம் சொல்லல சார், அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியல. ஆட்சேபம் சொல்ல ஒரு படிவம் இருக்கு, அதுல டிக் பண்ண நாலஞ்சு காரணம் குடுத்திருக்காங்க, வாசிச்சது எங்கப்பா எடுத்தது என் மாமான்னு சொல்றதுக்கு சரியான எடமே இல்ல, ஏதோ ஒண்ண டிக் பண்ணி கீழ விவரமா எழுதி அனுப்புனேன். 30 நாளைக்குள்ள பதில் வரும்னாங்க, 29-வது நாள் ஒரே வரியில வந்துது, உங்க ஆட்சேபம் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டதுன்னு. பரிசீலிச்சது யாருன்னு பாத்தா, உரிமை கோருன அதே நிறுவனம்! என் வயல்ல ஒருத்தன் வேலி போட்டுட்டான்னு புகார் குடுத்தா, வேலி போட்டவனையே விசாரிச்சு தீர்ப்பு சொல்லச் சொல்றதுக்குப் பேரு என்னங்க? இதுக்கு மேலயும் மேல்முறையீடு பண்ணலாம், ஆனா தோத்துட்டா வீடியோவ எடுத்துட்டு சேனலுக்கு ஒரு கரும்புள்ளி வப்பாங்க, மூணு புள்ளி விழுந்தா சேனலே காலின்னு பயமுறுத்துறாங்க. பேசலாம்னா ஒரு போன் நம்பர் கெடையாது. உதவிப் பக்கத்துல போனா கேள்வி பதிலா சுத்திச் சுத்தி கெளம்புன எடத்துலயே கொண்டாந்து விடுது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு எங்க ஊர் வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவரே புஸ்தகத்த எடுத்துக் காட்டுனார். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி ஒரு பாட்டு மேல இருக்குற உரிமை அத எழுதுனவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரைக்கும்தான். தியாகராஜர் சித்தி அடைஞ்சது 1847. அப்ப அந்தக் கீர்த்தனை ஊருக்கே பொது, யார் வேணா வாசிக்கலாம். அந்த நிறுவனத்துக்கு உரிமை இருக்கலாம், அவங்க எடுத்த ரெக்கார்டு மேல மட்டும். அதே சட்டத்துல 38-வது பிரிவுல வாசிக்கிற கலைஞருக்குன்னே தனியா ஒரு உரிமை இருக்கு, 50 வருஷத்துக்கு. 1998-ல அப்பா வாசிச்சதுக்கு கணக்குப் போட்டா 2048 முடியுற வரைக்கும் அது அப்பாவோடது, இப்ப அவர் வாரிசு எங்களோடது. இத வக்கீல் சொன்னப்ப கூட வந்திருந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாங்க, நெசமாவே அவரோடதுன்னு சட்டத்துல எழுதிருக்கான்னு. உரிமை எங்க பக்கம் இருக்கு, திருடுனவன் மாதிரி விளக்கம் எழுதிட்டு நிக்கிறதும் நாங்கதான்.

கோர்ட்டுக்குப் போவலாம், ஆதாரம் இல்லாம காப்புரிமைன்னு மிரட்டுனா கேஸ் போட அதே சட்டத்துல 60-வது பிரிவுல வழி இருக்குன்னார் வக்கீல். ஒரு வீடியோவுக்காக ஜில்லா கோர்ட்டு ஏற எங்களால முடியுமா? நுகர்வோர் கோர்ட்டு? அங்கயும் ஒரு முட்டுக்கட்ட, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எலவசமா குடுக்குற சேவைய கணக்குலயே சேக்கல, காசு கட்டாம வீடியோ போட்டவன நுகர்வோர்னே ஒத்துக்க மாட்டாங்களாம். நம்மள வச்சு விளம்பரக் காசு பாக்குறாங்களே, அது விலை இல்லையா?

மத்திய அரசோட 2021 ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) விதிகள்ல ஒண்ணு நல்லா இருக்கு. இந்த மாதிரி தளங்க எல்லாம் குறைதீர் அலுவலர்னு ஒருத்தர வச்சு அவர் பேரையும் தொடர்பையும் வெளியிடணும், புகார் வந்தா 24 மணி நேரத்துல ஒப்புதல் குடுத்து 15 நாள்ல (2026 பிப்ரவரிலேர்ந்து 7 நாள்ல) தீர்க்கணும், தீர்க்கலன்னா 2023-லேர்ந்து மத்திய அரசோட மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைன்ல போவலாம். நானும் எழுதுனேன். ஒப்புதல் உடனே வந்துது, அதுவும் மெஷின் அனுப்புனதுதான். 15 நாள் தாண்டியும் பதில் இல்ல. இந்த வழி இருக்குன்னு எங்க ஊர்ல வாத்தியம் வாசிக்கிற ஒருத்தருக்குக் கூடத் தெரியாது, தயவுசெஞ்சு உங்க பத்திரிகையில இத விவரமா போடுங்க, நாதஸ்வர தவில் குடும்பங்கள்ல இப்ப பசங்க எல்லாம் தாத்தா வாசிச்சது அப்பா வாசிச்சதுன்னு பழைய டேப்ப தேடி எடுத்துப் போட ஆரம்பிச்சிருக்காங்க, அவங்களுக்கும் இதே கதிதான் ஆவுது.

அப்பாவோட வாத்தியம் நரசிங்கம்பேட்டையில செஞ்சது, ஆச்சா மரம். 2022-ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு புவிசார் குறியீடு கெடச்சப்ப அம்மா அத உறையிலேர்ந்து எடுத்து எண்ணெய் போட்டுத் தொடச்சு வச்சாங்க. மரத்துக்கும் ஊருக்கும் பாதுகாப்பு வந்துது சந்தோஷம், அதுல ஊதுன மூச்சுக்கும் வேணும் இல்லையா?

நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. ஆட்சேபத்த உரிமை கோருனவங்க கையில குடுக்காம மூணாவது ஆள் ஒருத்தர், சங்கீதம் தெரிஞ்சவரா, ரெண்டு ரெக்கார்டையும் காதால கேட்டு முடிவு சொல்லணும். பொய்யா உரிமை கோருனா கோருனவங்களுக்கும் அந்தக் கரும்புள்ளி விழணும், இப்ப அது எங்க பக்கம் மட்டும்தான் விழுது.

பயந்துக்கிட்டேதான் அந்தத் தளத்துல மேல்முறையீடு போட்ருக்கேன், அது முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. டேப்பு, மாமா கையெழுத்துப் போட்ட கடிதம், அந்த வருஷத்துத் திருவிழா அழைப்பிதழ் மூணையும் ஃபைலா மாத்தி தயாரா வச்சிருக்கேன். சரியா வரலன்னா மறுநாளே மத்திய அரசோட குழுவுக்கு அனுப்பிடுவேன், என்ன ஆச்சுன்னு உங்களுக்கும் எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு நாதஸ்வரக்காரர் மகன்,
மயிலாடுதுறை மாவட்டம்