விபத்து வழக்கும் கூட்டு வக்காலத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்து இழப்பீட்டு வழக்குகளின் தேக்கம் குறித்த தங்கள் தலையங்கம் நீதிபதிகள் பற்றாக்குறையோடு நின்றுவிட்டது. பழக்கமில்லாத விபத்து வழக்கையும் உள்ளூர் வழக்கறிஞர் தாமே நடத்துவதால் நேரும் இழப்பும் சிறிதன்று. லாரி ஓட்டுநரான என் உறவினர் காலை இழந்த வழக்கில், எங்கள் குடும்ப வழக்கறிஞர் (நிலத் தகராறுகளில் கெட்டிக்காரர்) மருத்துவ வாரியம் தந்த ஊனச் சதவீதத்தை மட்டுமே நம்பியிருந்தார். பின்னர் அவரே பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்ட, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாய வழக்குகளையே நடத்திவரும் வழக்கறிஞர்தான், ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு என்று வாதிட்டு, எலும்பு மருத்துவரையும் கூண்டேற்றி விசாரித்தார்.

இப்படி இரு வழக்கறிஞர்கள் கூட்டுச் சேர்வது கட்சிக்காரருக்குத் தெரியாமல் நடப்பதுதான் குறை. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருந்தும், கட்டணப் பேச்சு பெரும்பாலும் வாய்மொழியோடு முடிந்துவிடுகிறது. சாட்சிகளை விசாரிப்பவர் யார், எவருக்கு எவ்வளவு கட்டணம் என்பவற்றைக் கூறும் ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தில் கட்சிக்காரரின் கையொப்பம் பெற்று வக்காலத்துடன் (வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) இணைப்பதைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் கட்டாயமாக்கலாம்.

– வாசகர், நாமக்கல்